முந்தானையில் முடிந்த காசு

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில், மன்னார்த் தீவு முஸ்லிம்கள் வள்ளங்களிலே கற்பிட்டிக் கரைக்கு வந்திறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வடக்கை விட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டதால், வீடு வாசலையும் நகை நட்டையும் இழந்து வந்தவர்கள் அவர்கள். உம்மா காய்ச்சிக் கொடுத்த கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு வாப்பாவின் பின்னால் கரைக்குப் போனேன். உப்புத் தண்ணீரில் நனைந்த சேலையோடு இறங்கிய ஒரு பெண்மணி, கஞ்சிக் கோப்பையை வலது கையால் வாங்கினார். அவருடைய இடது கை மட்டும் முந்தானை முடிச்சை விடவே இல்லை.

அந்த முடிச்சுக்குள் என்ன இருந்தது என்பது முப்பது வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

அவர் எங்கள் அயலிலேயே குடியமர்ந்தார். என் பிள்ளைகள் அவரை உம்மம்மா என்றே அழைப்பார்கள். இரண்டு வருடங்களுக்கு முன், ரமழானில் தராவீஹ் தொழுகை நடத்த லண்டனில் உள்ள ஒரு பள்ளிவாசலில் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. செய்தி கேட்டதும் உம்மம்மா வீட்டுக்கு வந்து, ஒரு துணிப் பொட்டலத்தை என் முன்னால் அவிழ்த்தார். ஏழு காசுகள். நான்கு செப்புக் காசுகள், இரண்டு பெரிய வெள்ளிக் காசுகள், ஒரு தங்கப் பவுண்.

"மகன், இத லண்டன்ல இருக்கிற என்ட மூத்தவள்ட கையில குடுத்துருங்க. ஆருக்கும் காட்ட வேணாம்" என்றார்.

மாசிச் சம்பல் போத்தலுக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது என்றார் என் மனைவி. ஜுப்பாவின் ஓரத்தில் வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றார் என் ராத்தா. சகோதரிகளே, உள்ளதைச் சொன்னால் நானும் அதற்குச் சம்மதித்துவிட்டேன். நமது சொந்தப் பொருள்தானே, களவா, கடத்தலா என்று மனம் நியாயம் சொன்னது.

மறுநாள் மத்ரஸாவில் 'வதீஆ' பாடம். அதாவது, ஒருவர் பாதுகாக்கத் தரும் பொருளைப் பற்றிய சட்டம். பொருள் தானாக அழிந்தால் அமானிதம் ஏற்றவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய கவனக்குறைவாலோ வரம்பு மீறலாலோ அழிந்தால் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவர் எழுந்து, "ஹஸ்ரத், ஒளித்துக் கொண்டுபோய் வழியில் பறிபோனால் அது கவனக்குறைவாகுமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிடிபட்டால் போவது என் காசல்ல. ஒரு தாய் உயிரைப் போலக் காத்த பொருள். கற்பிட்டிக் கடலில் தங்கம் பிடிபட்ட செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் நமது ஊர்ப் பெயர் படும் பாடும் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு மௌலவியின் ஜுப்பாவும் சேர வேண்டுமா?

அந்த வாரமே காசுகளை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய் விசாரித்தேன். அங்கே அறிந்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் வெற்றிலைப் பெட்டியிலும் இப்படிக் காசுகள் இருக்கலாம்.

நமது நாட்டில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களை அது தொல்பொருள் என்கிறது. சிலையும் கல்வெட்டும் மட்டுமல்ல, நாணயமும் அதில் அடங்கும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஐம்பது வருடங்களுக்கு மேற்பட்ட எந்தப் பழம்பொருளையும் விமான நிலையத்தில் சுங்கத்தினர் நிறுத்திக் கேட்பார்கள். பொருள் உங்களுடையதுதான், வீட்டில் வைத்திருக்கலாம். நாட்டை விட்டுப் போவதற்குத்தான் தடை. ஆனால் கிணறு தோண்டும்போதோ அத்திவாரம் வெட்டும்போதோ மண்ணிலிருந்து கிடைப்பது அப்படியல்ல. அது அரசுக்குரியது, அறிவிக்க வேண்டும்.

உம்மம்மாவின் செப்புக் காசுகளில் வீ, ஓ, சீ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடந்தன. ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அது. நாம் 'துட்டு' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே 'டொயிட்' என்னும் இந்தக் காசின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். கற்பிட்டிக் கோட்டையைக் கட்டியவர்களின் காசு. ஆகவே 1815க்கு முந்தியது என்றே கருதினார்கள்.

வெள்ளிக் காசுகளில்தான் சிக்கல். அவை ஒஸ்ட்ரியா நாட்டு மகாராணி மரியா தெரேசாவின் உருவம் பதித்தவை. ஒவ்வொன்றும் இருபத்தெட்டுக் கிராம். அரபு நாட்டுச் சந்தைகளிலும் செங்கடல் துறைமுகங்களிலும் நெடுங்காலம் புழங்கியவை. மன்னார் முத்துக்குளிப்புக்கு அரபிகளும் வந்து போன காலத்தில் தம் பாட்டனார் கைக்குக் கிடைத்தவை என்று உம்மம்மா சொல்வார். இரண்டிலும் 1780 என்றே இருந்தது. அந்த மகாராணி 1780இல் இறந்த பின்னரும், வியாபாரிகள் அந்தக் காசையே நம்பியதால், அதே ஆண்டைப் போட்டே 20ஆம் நூற்றாண்டு வரை வியன்னா, லண்டன், பம்பாய் எனப் பல இடங்களில் அச்சடித்தார்கள். ஆகவே ஆண்டைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. நிபுணர் பார்த்தே சொல்ல வேண்டும்.

பவுண் 1912ஆம் ஆண்டினது. 22 கரட், ஏறக்குறைய எட்டுக் கிராம். நகைக்கடையில் எட்டுக் கிராமை நாம் ஒரு பவுண் என்பது இந்த நாணயத்தின் கணக்கை வைத்துத்தான்.

ஊருக்குத் திரும்பி உம்மம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அண்டைக்கு வழியில சோதிச்சவங்க காதுத் தோட்டையும் கழட்டி வாங்கினாங்க. நான் ஒளிச்சதாலதான் இது தப்பிச்சுது. இப்ப நீங்களே கொண்டுபோய்க் காட்டச் சொல்றீங்களே" என்றார்.

எனக்குக் கண் கலங்கியது. "உம்மம்மா, அவர்கள் கொள்ளையர்கள். அவர்களிடம் மறைத்தது குற்றமில்லை. இவர்கள் கேட்டுவிட்டு, எழுதித் தருகிறவர்கள். இவர்களிடம் மறைத்தால் நாம்தான் குற்றவாளி" என்றேன். ஹிஜ்ரத்துடைய இரவில், தம்மைக் கொல்ல நின்ற ஊராரின் அமானிதப் பொருட்களைக்கூட உரியவர்களிடம் ஒப்படைக்க நபி (ஸல்) அவர்கள் அலீ (ரழி) அவர்களை விட்டுச் சென்றதை நினைவூட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்குச் சரியெண்டு பட்டதச் செய்ங்க மகன்" என்றார்.

பவுணுக்கு அனுமதிக் கடிதம் கிடைத்தது. துட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளிக் காசுகளின் முடிவு என் பயணத்துக்கு முன் வரவில்லை. ஏழு காசு கொண்டுபோக நினைத்தவன் ஒரு காசோடு புறப்பட்டேன். மற்ற ஆறையும் படம் பிடித்து எடுத்துக்கொண்டேன். லண்டனில் இறங்கியதும் சிவப்பு வழியில் சென்றேன். 390 ஸ்டேர்லிங் பவுணுக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள பொருளை அங்கே அறிவிக்க வேண்டும். கடிதத்தையும் நாணயத்தையும் பார்த்த அதிகாரி, வரி எதுவும் இல்லை என்று அனுப்பிவைத்தார். பயந்தது அவ்வளவும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மூத்த மகள் பவுணை மேசையில் வைத்துவிட்டு, படத்திலிருந்த துட்டுகளைத்தான் நெடுநேரம் பார்த்தார். "வள்ளத்தில் உம்மாவின் மடியில் படுத்திருந்தபோது என் கன்னத்தில் குத்தியது இந்த முடிச்சுத்தான். கல்லை ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்" என்றார். மறு விடுமுறைக்கே ஊருக்கு வந்து, உம்மாவின் கையிலிருந்தே அவற்றை வாங்கிப் பார்த்தார்.

சகோதரிகளே, பழங்காசு வைத்திருப்போர் ஒவ்வொன்றையும் இருபக்கமும் படம் பிடித்து, ஆண்டையும் எடையையும் எழுதி வையுங்கள். புளி போட்டுத் துலக்க வேண்டாம். என் மனைவி அன்போடு ஒரு துட்டைத் துலக்கிவிட்டார்; பழைய நிறம் போனால் மதிப்பும் போகும் என்று கொழும்பில் கடிந்துகொண்டார்கள். பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே அனுமதி கேளுங்கள். காசைக் கைப்பையில் வையுங்கள். நிறுத்தினால் தனியறையில் திறந்து காட்டக் கேளுங்கள். பொருளை வைத்துக்கொண்டால் பற்றுச்சீட்டு வாங்காமல் நகராதீர்கள். காயல்பட்டினம், கீழக்கரை உறவுகளிடம் போவோருக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடங்களுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளியே கொண்டுபோக முடியாது. இங்கிருந்து அனுமதியோடு கொண்டுபோனாலும், அங்கே இறங்கும்போதே அறிவித்து எழுத்தில் பெறாவிட்டால் திருப்பிக் கொண்டுவருவது கடினம்.

உம்மம்மா இப்போது அந்தக் காசுகளை முந்தானையில் முடிவதில்லை. ஒரு தகர டப்பாவில், அவற்றின் பட்டியலோடு, அலுமாரியில் வைத்திருக்கிறார். பெருநாளன்று பேரப்பிள்ளைகள் வந்தால் தானாகவே எடுத்துக் காட்டுகிறார்.