241 பேனாக்கள்

2009 காந்தி ஜெயந்தியை ஒட்டி, மான்ட்பிளாங்க் நிறுவனம் காந்தி பெயரில் ஒரு பேனாவை வெளியிட்டது. விலை 11 லட்சம் ரூபாய்க்கும் மேல். அதன் படத்தைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு கசப்பு. விலை மட்டுமே அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பேனாவின் ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

வடிவமைத்தவர்கள் அலட்சியமாக வேலை செய்யவில்லை. உடலைச் சுற்றிக் கையால் இழைத்த தங்கக் கம்பி, தக்ளியில் சுற்றிய நூல். கிளிப்பில் பதித்த ஆரஞ்சு நிறக் கல், நம் கொடியின் காவி. தங்க நிப்பில் கைத்தடியோடு நடக்கும் காந்தி. செய்தவை 241 பேனாக்கள். 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து கிளம்பி தண்டிவரை அவர் நடந்த தூரம் 241 மைல்.

இந்த எண்ணில்தான் நான் நின்றுவிட்டேன். கடல் பக்கத்தில் இருக்கிற எவரும் அள்ளிக்கொள்ளக்கூடிய உப்புக்காக நடந்த நடை அது. அந்த மைல் கணக்கை, உலகத்தில் 241 பேருக்கு மேல் கிடைக்கக் கூடாத ஒரு பொருளின் கணக்காக மாற்றியிருக்கிறார்கள். தகவலில் பிழை ஒன்றும் இல்லை. தகவல் இவ்வளவு சரியாக இருப்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

காந்தியின் கொள்ளுப்பேரன் துஷார் காந்தி இந்தப் பேனாவை ஆதரித்தார். கொத்தடிமையிலிருந்து மீட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்குக் கோலாப்பூரில் காப்பகம் கட்ட, நிறுவனம் அவருடைய அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்திருந்தது. அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பலர் கொதித்தார்கள். கேரளத்தில் நுகர்வோர் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றம் போனது. 2010-இல் நிறுவனம் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவைத்தது. வழக்குக்கு ஆதாரமான 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் காந்தியின் பெயரையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அவ்வளவுதான். அந்தச் சட்டத்துக்குத் தங்கமும் தகரமும் ஒன்றுதான். மக்களின் கோபம் சட்டம் கேட்காத இடத்திலிருந்து வந்தது.

தேடல் கடைசியில் ராஜமுந்திரிக்குக் கொண்டுபோனது. அந்த ஊரில் கே.வி. ரத்னம் என்பவர் சுதேசிப் பேனா செய்தார். அதைக் காந்தியிடம் சேர்த்தவர், கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய நம் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா. 1935 ஜூலை 16 அன்று ரத்னத்துக்கு நன்றி சொல்லிக் காந்தி கடிதம் எழுதினார். எழுதிப் பார்த்ததாகவும், கடைகளில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது.

காந்தி ஒரு பேனாவிடம் எதிர்பார்த்தது இதுதான்: இந்த ஊரில், இந்தக் கைகளால் செய்ததா, நன்றாக எழுதுகிறதா. நூற்பையும் நடையையும் அத்தனை கவனமாகப் படித்தவர்கள், பேனாவைப் பற்றியே அவர் எழுதிய கடிதத்தைத் தொடவில்லை. ரத்னத்தின் குடும்பத்தார் இன்றும் அங்கே பேனா கடைந்து விற்கிறார்கள்.