போகாத ஊருக்கு வழி

சிங்கப்பூர்ப் பயணக் கட்டுரை ஒன்று எழுதித் தருவதாக ஆண்டு மலர்ப் பொறுப்பில் இருந்த சிஸ்டரிடம் 2024ஆம் ஆண்டிலேயே வாக்குக் கொடுத்திருந்தேன். சிங்கத் தலையும் மீன் உடலுமாக நீரைக் கொப்பளிக்கும் மெர்லயன் சிலையையும், மலேசியாவில் பத்து மலைக் குகையின் முன் 140 அடி உயரத்தில் நிற்கும் முருகன் சிலையையும் கண்ணாரக் கண்டு எழுதப் போவதாகப் பெருமை பேசியிருந்தேன். தலைப்புக்கூட எழுதி வைத்தாயிற்று. அந்தக் கட்டுரை வரவேயில்லை. சிஸ்டர் இரண்டு முறை கேட்டார்கள், பிறகு கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பள்ளியை விட்டுப் போகும் வேளையில், அது ஏன் வரவில்லை என்று எழுதித் தருகிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் அப்பா சிறியதாக ஓர் இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஐந்து ஆண்டு கட்டிய சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது அம்மா வளையல் கேட்டார், அண்ணன் வண்டி கேட்டான். யாரும் எதிர்பாராத வண்ணம் அப்பா, "பிள்ளைங்களை ஒரு தரம் ஏரோப்ளேன்ல ஏத்திடணும்" என்று சொல்லிவிட்டார். நான்கு இரவு, ஐந்து பகல், சிங்கப்பூரும் மலேசியாவும், விமானம், தங்குமிடம், மூன்று வேளை இந்தியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பயண நிறுவனத்தில் கட்டினார். புறப்பாடு 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு, சென்னையிலிருந்து. அரையாண்டுத் தேர்வை வைத்துக்கொண்டு நான்கு நாள் விடுப்பா என்று வகுப்பாசிரியை சிஸ்டர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். (அந்த விடுப்புக் கடிதம் வீணே! அந்த வாரம் மாவட்ட ஆட்சியரே எல்லாருக்கும் விடுமுறை விட்டுவிட்டார்.)

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஆயாவிடம் சொல்லிவிட்டு வர விழுப்புரம் போனோம். ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். பெரியம்மா வீட்டில் இருக்கிறார். பெரியப்பா துபாயில் வேலை பார்க்கிறார். ஆகவே அந்த வீட்டில் ஆயா, பெரியம்மா, கல்லூரியில் படிக்கும் அக்கா என மூவரும் பெண்கள்தாம். மழை என்றால் முதலில் தண்ணீர் நிற்கும் பகுதி அது. ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த இருநூறு ரூபாய்த் தாளை என் கையில் வைத்து அழுத்தினார். "சிங்கப்பூர்ல கோடாலித் தைலம் நல்லா இருக்குமாம். ஒண்ணு வாங்கியா கண்ணு" என்றார். கோடாலித் தைலம் எங்கள் ஊர் மருந்துக் கடையிலேயே கிடைக்கும் என்றேன். "அது வேற, இது வேற" என்று முடித்துவிட்டார். அந்தத் தாளை அப்படியே என் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன்.

அதற்குள் வங்கக் கடலில் ஒன்று கிளம்பியிருந்தது. நவம்பர் 23ஆம் தேதி வாக்கில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியாக இருந்தது, பிறகு தாழ்வு மண்டலமாயிற்று, அதன்பின் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாயிற்று. இலங்கையின் கிழக்குக் கரையை நனைத்து மூழ்கடித்துவிட்டு, நத்தை நகர்வதுபோல வடக்கே நகர்ந்தது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் அதற்குப் புயல் என்ற பட்டமும் பெயரும் கிடைக்கும் என்று புவியியல் வகுப்பில் படித்தது அப்போது கைகொடுத்தது. இதற்குக் காத்திருந்த பெயர் ஃபெஞ்சல். சவூதி அரேபியா கொடுத்தது. ஆனால் பெயர் சூட்டும் நாள்தான் தள்ளிக்கொண்டே போயிற்று. புயலாகும் என்றார்கள். வியாழக்கிழமை, வலுவிழந்து தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் பாயசம் வைக்காத குறை! வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு அது புயலாகிவிட்டது.

"சென்னையைத் தாண்டிட்டா கவலை இல்ல. சிங்கப்பூர்ல புயலே அடிக்காது" என்று அண்ணன் மார்தட்டினான். பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களில் பூமி சுழல்வதன் விசை காற்றைச் சுழற்றப் போதாது. அதனால் அங்கே புயல் உருவாவது அரிது. இது உண்மைதான். ஆனால் 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் அந்த விதியையெல்லாம் மீறிச் சிங்கப்பூருக்கு அருகிலேயே உருவாகி, மலேசியாவின் ஜொகூர்க் கரையில் ஏறியதே! இதை அவனிடம் சொன்னபோது, "அபசகுனமா பேசாத" என்று தலையில் குட்டினான்.

அப்பா நாலைந்து முறை பயண நிறுவனத்துக்குப் பேசினார். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். விதிதான் நல்ல மாதிரியாக இல்லை. விமானத்தை அவர்களே ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்பும். விமானம் பறந்து நாம் போகாமல் நின்றால் டிக்கெட்டில் உள்ள வரித்தொகை மட்டும் திரும்பும். தங்குமிடத்துக்குக் கட்டியது போனது போனதுதான். காப்பீடு எடுக்கலாமா என்று கேட்டதற்கு, புயல் வருவது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்கு உதவாது என்று பதில் வந்தது. பணம் கட்டும் அன்றைக்கே எடுத்திருக்க வேண்டுமாம். வெளியூர்ப் பயணத்துக்குப் பணம் கட்டும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அந்த ஒரு வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு லட்சம் ரூபாய்ப் பாடம் அது. வெள்ளிக்கிழமை இரவே சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்கலாம் என்றது அப்பாவின் யோசனை. இரண்டு இரவு வாடகை யார் கொடுப்பது என்றது அம்மாவின் யோசனை. அம்மாதான் வென்றார்.

சனிக்கிழமை நண்பகலில் சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். முதலில் மாலை 7 மணி வரை என்றார்கள்; பிறகு ஞாயிறு அதிகாலை 4 மணி வரை என்றார்கள். அன்று இரவு புதுச்சேரி அருகே புயல் கரை ஏறியது. ஏறியது நகர்ந்து போயிருந்தால் இத்தனை துன்பமில்லை. மறுநாள் பகல் வரை அங்கேயே உட்கார்ந்துகொண்டது! புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. எங்களுக்குப் பக்கத்து ஊரான மயிலத்தில் 50 சென்டிமீட்டரை எட்டியது. 2011இல் தானே புயலைப் பார்த்தவர்கள், அதில் காற்று பெரிது, இதில் தண்ணீர் பெரிது என்றார்கள். மின்சாரம் போன வீட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், பூட்டித் தயாராக நின்ற நான்கு பெட்டிகளையும் பார்த்தபடி நான் விழித்திருந்தேன். ஜெபமாலை சொல்லும்போதுகூட என் மனத்தில் ஓடியது விமானம் பறக்க வேண்டும் என்ற ஒன்றே. விமானம் எப்படிப்பட்டது என்று தெரியாத எனக்கு அது அவ்வளவு பெரிதாகிவிட்டிருந்தது.

ஞாயிறு காலை, திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, கோவிலுக்குப் போக வழியில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆனால் விமான நிலையம் திறந்துவிட்டது என்ற செய்தி வந்தது. எங்கள் விமானம் சரியான நேரத்தில் புறப்படுமாம்! பேசி வைத்திருந்த வாடகைக் காரின் ஓட்டுநர், நெடுஞ்சாலையில் போகலாம், மூன்று மணிக்கு வருகிறேன் என்றார். அண்ணன் குதித்தான். அம்மா மட்டும் விழுப்புரத்துக்குத் தொடர்ந்து போன் போட்டுக்கொண்டிருந்தார். மணி அடிக்கவே இல்லை. "டவர் விழுந்திருக்கும். நேத்து ராத்திரிகூடப் பேசினியே" என்று அப்பா தேற்றினார்.

ஒன்பது நாற்பதுக்கு என் போனில் ஒரு செய்தி வந்தது. அக்கா அனுப்பியிருந்தாள். எழுத்துக்கு எழுத்து எனக்கு இன்னும் மறக்கவில்லை. "சித்திகிட்ட சொல்லுடி. வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. ஆயாவைக் கட்டில் மேல உக்கார வெச்சிருக்கோம். போன்ல சார்ஜ் இல்ல. சித்தப்பாவை வரச் சொல்லு."

தோழியரே, நான் அதைச் சொல்லவில்லை.

மறந்துபோனேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. தண்ணீர் வடிந்துவிடும், பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள், கட்டில் உயரமான கட்டில், இரண்டு மணிக்குச் சொல்லலாம், விமான நிலையத்தில் சொல்லலாம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எனக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பன்னிரண்டு மணிக்கு அம்மா, "உன் போன்ல அக்கா ஏதாச்சும் அனுப்பினாளா பாரு" என்றார். "இல்லம்மா" என்றேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு எனக்குப் பிடித்த பச்சைச் சுடிதாரை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

இரண்டரை மணிக்கு அப்பா எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிச் சரிபார்த்தார். என்னுடையதைத் திறந்ததும் அந்த இருநூறு ரூபாய்த் தாள் கீழே விழுந்தது. "இது என்னாம்மா?" என்றார். "ஆயா தைலத்துக்குக் குடுத்தது" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது. போனை அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா படித்தார். செய்திக்குக் கீழே 9.40 என்று நேரம் இருக்கும் அல்லவா? அதையும் பார்த்தார். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "அக்கா வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சாம். இப்பதான் சேதி வந்திருக்கு" என்றார்.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பெட்டிகள் கூடத்திலேயே நின்றன. எங்களைச் சென்னைக்கு ஏற்றிப் போக வந்த கார் அப்பாவையும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போயிற்று. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம். கடைசியில் காரை மேட்டில் நிறுத்திவிட்டு இடுப்பளவு தண்ணீரில், இருட்டில் நடந்திருக்கிறார்கள். மூவரும் பக்கத்து மாடி வீட்டில் இருந்தார்கள். நண்பகலில் தெருப் பிள்ளைகள் இருவர் ஆயாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அதுவரை நனைந்த சேலையோடு கட்டிலில் இருந்திருக்கிறார்.

அன்றிரவு எங்கள் விமானம் உரிய நேரத்தில் பறந்துவிட்டது. அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி நீரைத் திறந்தார்கள். திங்களன்று தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் இரயில்களை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் மெர்லயன் சிலையின் முன் நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்போம் என்று அண்ணன் பின்னொரு நாள் கணக்குப் பார்த்துச் சொன்னான்.

ஆயாவுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். பள்ளி விடுமுறையாதலால் பகலில் நான்தான் துணை. காலையிலேயே செய்தியைச் சொல்லியிருந்தால் அப்பா நண்பகலுக்குமுன் போயிருப்பார். அப்போது இந்தச் சளி வந்திருக்குமா, வந்திராதா? மருந்து ஏறும் குழாயைப் பார்த்துக்கொண்டே அதை எத்தனையோ முறை கணக்கிட்டேன். எந்த டாக்டரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை. பெரியம்மா வீட்டில் அரிசி, மெத்தை, அக்காவின் புத்தகங்கள், ஆயாவின் இரும்புப் பெட்டியில் இருந்த தாத்தாவின் ஒரே புகைப்படம் எல்லாம் சேறாயின. அரசாங்கம் குடும்ப அட்டைக்கு இரண்டாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. எங்களுக்குப் பயண நிறுவனத்திலிருந்து வரித்தொகை சில ஆயிரம் வந்தது. அப்பா அதில் பெரியம்மாவுக்கு ஒரு மெத்தை வாங்கிக் கொடுத்தார்.

அம்மா அந்த 9.40 பற்றி என்னிடம் இன்றுவரை பேசியதில்லை. இந்தக் கட்டுரையை எழுதியபின், அச்சில் பார்த்து அறியட்டும் என்று விட மனம் வராமல், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் நானே சொன்னேன். அப்பா கையில் எடுத்த சோற்றை மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டார். வெகு நேரம் கழித்து, "ஆயாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப நாளைக்குப் போயிட்டு வா" என்றார்.

போனேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே இந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து வாசித்தேன். விமானம், வாமெய், காப்பீடு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். செய்தி வந்த இடத்தில் என் குரல் அடைத்துக்கொண்டது. நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். முழுவதும் முடிந்ததும் என் கையைப் பிடித்து, "அன்னிக்கு ஒங்கம்மாகூடப் பத்து வயசுல இப்படித்தான் ஒண்ணு பண்ணா" என்று ஆரம்பித்தார். அந்தக் கதையை அம்மாவின் அனுமதியின்றி இங்கே எழுத முடியாது.

புறப்படும்போது பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த இருநூறு ரூபாயில் திண்டிவனம் மருந்துக் கடையில் வாங்கியதுதான். ஆயா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் நெற்றியில் தடவிக்கொண்டார்.

"இது அது இல்ல" என்றார்.