அப்பா, பிள்ளை, ஒரு கூடாரம்

சஃபாரி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது, எண்பதுகளில் மாமாக்கள் கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்த சஃபாரி சூட்தான்! சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் அர்த்தம். கென்யாவின் மாசாய் மாரா பகுதியில் இன்று அந்தப் பயணம் வந்தவர்கள் ஒரு சொகுசுக் கூடாரத்தில் தங்க, ஆளுக்கு ஓர் இரவுக்குப் பல நூறு டாலர் ஆகிறது. ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. கேன்வாஸ் சுவருக்குள் கட்டில், மெத்தை, வெந்நீர், எல்லாம் இருக்கும்.

இந்தச் சொகுசுக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. அதில் தங்கியவர்களும் ஓர் அப்பாவும் பிள்ளையும்தான். 1909 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், அதே மாதம் மகன் கெர்மிட்டோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அப்பாவுக்கு 50 வயது. ஹார்வர்டில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த பிள்ளைக்கு 19.

காட்டுக்குப் போனாலும் வசதிக்குக் குறைவில்லை. பன்றித் தோலில் பைண்டு செய்த ஒரு குட்டி நூலகமே கூடப் போனது. மிருகத் தோல்களைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு வேறு! மூட்டை முடிச்சுகளைச் சுமக்க இருநூறுக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள். அப்பாவும் பிள்ளையும் சுட்டுக் கொன்றவை மொத்தம் 512. அவற்றில் பல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்றைய கணக்கில் செலவுப் பக்கம் யார் என்பது வெட்டவெளிச்சம்: சுமைதூக்கியின் கழுத்தும் மிருகத்தின் உயிரும். இன்று?

1977இல் கென்யா வேட்டையைத் தடை செய்துவிட்டது. துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா. ஆனால் கூடாரத்துக்கு நிலம் வேண்டுமே! மாரா தேசியக் காப்பகத்தை ஒட்டிய புல்வெளிகளில் பெரும்பகுதி மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். அவர்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துக் குத்தகைக்கு விடுகிறார்கள். 2010இல் தொடங்கிய நபோய்ஷோ அப்படிப்பட்ட ஒன்று. அங்கே நிலம் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 500 பேர்.

இங்கே கூடாரங்களின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. ஒரு கூடாரத்துக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் என்று கணக்கு. விலை ஏறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். மெத்தையும் வெந்நீரும் எந்த நட்சத்திர ஓட்டலிலும் கிடைக்கும், அவ்வளவு நிலத்தில் அவ்வளவு குறைந்த கூட்டம் கிடைக்காது.

2020இல் கொரோனா வந்து விருந்தாளிகள் நின்றபோது, பல இடங்களில் குத்தகைத் தொகையும் குறைந்தது. குத்தகை வராவிட்டால் நிலத்துக்காரர் என்ன செய்வார்? வேலி போடுவார், அல்லது விற்பார். வேலி விழுந்தால் வரிக்குதிரைக்கும் யானைக்கும் வழி அடைபடும். பிறகு கூடாரத்துக்கும் வேலை இல்லை.

இந்தக் கணக்கில் எழுதப்படாத ஒரு வரவும் இருக்கிறது. ரூஸ்வெல்ட்டும் கெர்மிட்டும் ஏறக்குறைய ஒரு வருடம் சேர்ந்து சுற்றினார்கள். 1914இல் பிரேசிலில், யாரும் வரைபடம் போடாத ஓர் ஆற்றில் அப்பா காய்ச்சலும் கால் புண்ணுமாகப் படுத்தபோது, தன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். பிள்ளை கேட்கவில்லை. உயிரோடு கொண்டுவந்து சேர்த்தான். ஆப்பிரிக்காவில் சேர்ந்து கழித்த நாட்களுக்கு அதில் ஒரு பங்கு இல்லாமலா போகும்?

இன்றைய முகாம்கள் பலவற்றில் வேலி கிடையாது. இருட்டிய பிறகு காவலாளி துணையில்லாமல் கூடாரத்தை விட்டு நகரக் கூடாது. அதனால் அம்மாவோ அப்பாவோ கூட வந்திருந்தால் பேசித்தான் ஆக வேண்டும்! வீட்டில் வருடக்கணக்காகத் தள்ளிப்போன பேச்சு, வெளியே நீர்யானை உறுமும்போது தானாக ஆரம்பிக்கலாம்.

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். பணம் கட்டும் முன், அதில் நிலத்துக்காரருக்கு எவ்வளவு போகிறது என்று முகாமிடம் கேட்கலாம். போன பிறகு, ஒரு நாள் மாலை ஜீப்பை விட்டுவிட்டுக் கூடார வாசலில் சும்மா உட்காரலாம். சிங்கம் மறுநாளும் இருக்கும்.