ஏழு வளைவுகள்

செந்தூலில் எங்கள் வீட்டு ஹால்தான் தாத்தாவுக்குப் படுக்கையறை. இரவு ஒன்பதானால் அவர் பாய் விரிக்க வேண்டும். அதற்குள் என் தண்டவாளம் தரையைக் காலி செய்தாக வேண்டும்.

என்னுடையது பிளாரயில். ஜப்பானில் 1959-இல் வந்த விளையாட்டுச் சாமான். நீலப் பிளாஸ்டிக் வளைவுகள் எட்டு சேர்ந்தால் முழு வட்டம். ரயில் பட்டறையில் வேலை பார்த்த தாத்தா, கழற்றுவதையும் ஒரு வேலையாகவே சொல்லிக்கொடுத்தார். "இழுக்காதடா, ஒரு பக்கமா தூக்கு." இழுத்தால் நாக்குப் போன்ற இணைப்பு வெளுத்துவிடும். பிளாஸ்டிக் உடையப்போவதன் அறிகுறி அது என்று பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். வளைவுகள் அடுக்காக, நேர்த்துண்டுகள் ஓரமாக, எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில். எண்ணிப் பார்த்துத்தான் மூடுவார்.

தாத்தா இறந்தபின் ஒன்பது மணிக்கு யாரும் அவசரப்படுத்தவில்லை. தண்டவாளம் நாள்கணக்கில் ஹாலிலேயே கிடந்தது. எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஓர் இரவு இருட்டில் அம்மா மிதித்து ஒரு வளைவு உடைந்தது.

போன வாரம் அக்கா மகனுக்காக டின்னைத் திறந்தேன். ஏழு வளைவில் வட்டம் சேரவில்லை. ரயில் இடைவெளியில் இறங்கித் தரையில் ஓடியது. அவனுக்கு ஒரே சிரிப்பு.

"நாளைக்கும் இப்படியே இருக்கட்டும் மாமா," என்றான்.

ஹாலில் இப்போது யாரும் படுப்பதில்லை. இருந்தாலும் கழற்றச் சொன்னேன்.