இருவாச்சியின் வாசலில்

எங்கள் மங்களூர் மானாவாரி பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும். மழை பொய்த்தால் அவையும் இல்லை. எங்களுக்குப் பறவை பார்ப்பது என்றால், திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வந்திறங்கும் வாத்துகளையும் நாரைகளையும் கரையில் நின்று பார்ப்பதுதான். எங்கள் வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் கேட்டது வேறு: மலைக்காட்டில் இருவாச்சியைப் படம் பிடிக்க வேண்டும். அதற்கென இரண்டு ஆண்டுப் பெருநாள் காசைச் சேர்த்து, திருச்சியில் ஒரு நீண்ட லென்ஸை மூன்று நாள் வாடகைக்கும் பேசி வைத்திருந்தான். உருவப்படம் குறித்து ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாங்கள் அறிவோம். அதை இங்கே பேசப் புகவில்லை.

அவனுக்கு இந்த ஆசையை ஊட்டியது சாலிம் அலியின் வரலாறு. 1896-இல் மும்பையில் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. முஸ்லிம் உண்ணத் தகுந்த பறவைதானா என்ற ஐயத்தோடு மாமாவிடம் கொண்டுபோனார். அவரோ பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பி வைத்தார். ஹலாலா என்ற ஒரு கேள்வியிலிருந்து இந்தியப் பறவையியலின் பெரும் வாழ்வு ஒன்று தொடங்கியது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க, ஆனைமலையை ஒட்டிய காடுகளிலும் அவர் முகாமிட்டார். அந்தக் காலத்து ஆய்வு துப்பாக்கியும் கையுமாகத்தான் நடந்தது. நம் பிள்ளைகள் கையில் கேமரா இருப்பது ஒரு நல்ல மாற்றம் என்றே எண்ணியிருந்தோம். அதுவும் ஒரு வகைத் துப்பாக்கி ஆகக்கூடும் என்பது பிறகுதான் விளங்கியது.

நோன்புப் பெருநாள் கழிந்து, ஏப்ரலில் கிளம்பினோம். தொழுதூரில் நெடுஞ்சாலை ஏறி, திருச்சி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாம் வளைவில் வரையாடுகள் சாலையோரச் சுவரில் படுத்திருந்தன. மறுநாள் சுப்ஹுத் தொழுதுவிட்டு இருள் பிரியும் முன் வெளியே வந்தபோது, யாரோ ஒரு பையன் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் ஓசை கேட்டது. சீகாரப் பூங்குருவி என்றான் பிள்ளை. (மலைப் பயணம் போகும் குடும்பத்தார் ஒரு முசல்லாவும் ஒரு குடம் தண்ணீரும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஒளுச் செய்ய ஓடையைத் தேடி அலைய வேண்டியதில்லை.)

வழிகாட்டியாக வந்தவர் காடர் குடியைச் சேர்ந்த பெரியவர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தப்பி நிற்கும் ஒரு காட்டுத் துண்டுக்குள் அழைத்துப் போனார். முதலில் ஓசைதான் வந்தது. பழைய நீராவி இரயில் மூச்சு விடுவதுபோன்ற சிறகொலி. சற்று நேரம் அடித்து, பிறகு விரித்தபடியே மிதந்து, மீண்டும் அடித்து. இரவுதோறும் வீட்டில் ஓதும் சூரத்துல் முல்க்கில் பறவைகளின் சிறகு விரிதலும் மடங்கலும் பேசப்படுவது நினைவுக்கு வர, சுப்ஹானல்லாஹ் என்றோம். ஒன்றரை மீட்டர் விரியும் சிறகு, மஞ்சள் அலகு, அதன்மேல் தொப்பிபோல் ஒரு புடைப்பு.

ஓர் உயர்ந்த மரத்தின் பொந்தைப் பெரியவர் காட்டினார். வாசல் முழுதும் அடைபட்டு, நீளவாக்கில் ஒரு பிளவு மட்டும் இருந்தது. பெண் பறவை உள்ளே புகுந்து, தன் எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அடைகாப்பதற்கே ஏறத்தாழ நாற்பது நாள். உள்ளிருக்கும் காலத்தில் அதன் பறக்கும் இறகுகளும் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதுவரை அத்திப்பழங்களைத் தொண்டையில் நிரப்பி வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அந்தப் பிளவின் வழியே ஊட்டுவது ஆண்தான். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் முப்பது ஆண்டு உழைத்த எங்கள் மச்சான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சூளை வாயைப் பூசின மாதிரியே இருக்கே" என்றார்.

பெரியவர் ஒரு வேர் முண்டைக் காட்டி, அதைத் தாண்ட வேண்டாம் என்றார். அங்கிருந்து பார்த்தால் ஒரு கிளை பொந்தை மறைத்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து நாங்களே, "பத்தடிதானே ஐயா" என்று முன்னே போனோம். அவர் மறுத்துப் பேசவில்லை. வந்தவர்களிடம் வாதாடிப் பழக்கமில்லாத மனிதர்.

கால் மணி நேரம் போயிற்று. அரை மணியும் போயிற்று. ஆண் பறவை வரவில்லை என்று அலுத்துக்கொண்டோம். அப்போது பெரியவர் தொலைவிலிருந்த ஒரு மரத்தைக் காட்டினார். அது வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தொண்டை புடைத்திருக்க, அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "நீங்க நிக்கிற வரைக்கும் அது எறங்காதுங்க. உள்ள குஞ்சு இருக்கு" என்றார். பொந்தின் பிளவில் ஓர் அலகு நுனி தெரிந்து மறைந்தது.

ஒரு பயணத்தின்போது தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய் சிறகடித்துத் தவித்ததையும், பெருமானார் (ஸல்) அதைக் கண்டு குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதையும் மதரஸாவில் படித்திருக்கிறோம். அபூதாவூதில் உள்ள ஹதீஸ். ஆனால் நாங்கள் எதையும் எடுக்கவில்லையே என்று மனம் வாதிட்டது. தொடவில்லை, கல்லெறியவில்லை, நின்றோம், அவ்வளவே. மேலே பட்டினியாக ஒரு தாயும் குஞ்சும் இருந்தன.

மச்சான் மெதுவாகச் சொன்னார்: "பூசின சூளையைப் பாதியில தொறக்கச் சொன்னா, மொதலாளியே ஆனாலும் நான் தொறந்ததில்ல. வாங்க போவோம்."

பிள்ளை உடனே இசையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் என்றான், கண் கலங்கினான். இரண்டு ஆண்டுக் காசு அது. அவனைத் திட்டவோ தேற்றவோ எங்களுக்கு வாய் வரவில்லை. முன்னே அழைத்துப் போனவர்கள் நாங்கள். அவன் தாய் லென்ஸின் மூடியை எடுத்து நீட்டினார். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், வாங்கிப் பொருத்தினான்.

வேர் முண்டைக் கடந்து, ஒற்றையடிப் பாதையில் திரும்பித் தேயிலைச் சரிவை எட்டும்போது பின்னால் அந்தச் சிறகொலி எழுந்தது. பெரியவர் நின்று, விரல் உயர்த்திக் காட்டினார். ஓசை தாழ்ந்து நின்றது. இலைகளுக்கு ஊடே எதுவும் தெரியவில்லை. பிள்ளை கேமராவை எடுக்கவில்லை. "எறங்கிட்டு" என்றான்.