காக்காச்சி வளைவில் கைவிட்ட பிரேக்... காப்பாற்றியது ஒரு தேயிலைச் செடி!

"ஏட்டி, பிரேக்கப் புடி... பிரேக்கப் புடி!"

பின்னால் வந்த மினி லாரியிலிருந்து பெரியப்பா கத்தியது எனக்கு நன்றாகவே கேட்டது. நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு லிவர்களும் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டன. 'கீச்ச்...' என்று சத்தம் மட்டும் வருகிறது, சைக்கிள் நிற்கவில்லை. எதிரே வளைவு. வளைவுக்கு முன்னால், தலையில் மூட்டையோடு நடந்துபோய்க்கொண்டிருந்தார் ஓர் ஆச்சி.

நடந்தது 2024 ஜூன் மாதம், மாஞ்சோலையில்.

என் பெரியப்பாவும் பெரியம்மாவும் நாலுமுக்கு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். பெரியம்மா கொழுந்து பறித்தார். பெரியப்பா லாரி ஓட்டினார். என் பள்ளிக்கூட லீவுகள் எல்லாம் அந்த லைன் வீட்டில்தான் கழிந்தன. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மலை அது. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 'மாஞ்சோலைத் தொழிலாளர்கள் வெளியேறுகிறார்கள்' என்ற செய்தியை டெஸ்க்கில் உட்கார்ந்து நாலு பத்தியாக்கிப் போட்டவளும் நான்தான். போட்டு முடித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதது வேறு கதை.

சாமான் ஏற்ற லாரி போகிறது என்றதும் நானும் கிளம்பினேன். ஒரே ஓர் ஆசை. சின்ன வயதில் பெரியப்பா என்னை முன்னால் உட்கார வைத்து ஓட்டிய அந்த எஸ்டேட் ரோட்டில், கடைசியாக ஒருமுறை என் கியர் சைக்கிளில் இறங்க வேண்டும். சைக்கிளை லாரியில் ஏற்றினேன். மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் பெரியப்பா வீட்டு ஆள் என்று பதிவு செய்துவிட்டு மேலே போனோம்.

புறப்படும் முன் சைக்கிளை 'ரெடி' பண்ணியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. ஊரில் ஒரு கடையில் 150 ரூபாய்க்கு நாலு டிஸ்க் பிரேக் பேட் வாங்கினேன். பெட்டி கிடையாது, பெயர் கிடையாது, ஒரு பாலித்தீன் கவர்தான். "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்றார் கடைக்காரர். முதல் நாள் ராத்திரி மாட்டினேன். கையோடு செயினுக்கு ஆயில் ஸ்பிரேயும் அடித்தேன்.

தமிழ்நாட்டில் அதிக மழை பெய்த இடங்கள் பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு பெயர்களை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அன்றைக்கும் சாரல். காக்காச்சி புல்வெளி தாண்டி, மாஞ்சோலையை நோக்கி ரோடு இறங்கத் தொடங்கியது. ரோட்டில் பாதி ஜல்லி, பாதி சேறு. இரண்டாவது வளைவு வரை பிரேக் பிடித்தது. மூன்றாவதில் கைவிட்டது.

ஆச்சியைத் தாண்டி எங்கே போவேன் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. இடதுபக்கம் திருப்பினேன். இடுப்பளவு தேயிலைச் செடிகள் சைக்கிளோடு என்னை வாங்கிக்கொண்டன. முழங்கையில் தோல் போனது, கன்னத்தில் கீறல். ஆச்சி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து, "கண்ணு தப்பிச்சுதே தாயி" என்று என் முகத்தைத் துடைத்தார். நான் இடித்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் எனக்குக் கை நடுங்கியது. அவரோ எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா திட்டவில்லை. சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "கட்டை எங்க வாங்கின? பெட்டி இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "முப்பது வருசம் இந்த ரோட்டுல லோடு இறக்குனேன். எந்தக் கியர்ல ஏறுனனோ அந்தக் கியர்லதான் இறங்குவேன். பிரேக்கை மட்டும் நம்பி ஒருநாளும் இறங்குனதில்ல" என்றவர், சைக்கிளை லாரியில் ஏற்றிவிட்டார். என் கடைசிப் பயணத்தில் மீதி தூரம், பெரியம்மாவின் ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்தபடி கழிந்தது.

மெக்கானிக் அண்ணன் எடுத்த பாடம்

மறுவாரம் திருநெல்வேலியில் கியர் சைக்கிள் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பெரியப்பா சொன்ன கியர் கதையைச் சொன்னதும் சிரித்தார். "லாரிக்கு இன்ஜின் பிடிக்கும்மா. சைக்கிள்ல என்ன கியர் போட்டாலும் இறக்கத்துல சக்கரம் சும்மாதான் சுத்தும். மொத்த பாரமும் அந்தச் சின்னக் கட்டை மேலதான்."

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாஞ்சோலை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அடிவாரம் நூறு மீட்டர் அளவில். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, 900 மீட்டர் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 7 லட்சம் ஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்று கொஞ்சம் தடுக்கும் என்றாலும், பெரும்பங்கு வெப்பத்தைத் தாங்க வேண்டியது கட்டைவிரல் அகலமுள்ள பேடும், மெல்லிய டிஸ்க்கும்தான்.

என் பேடைக் கழற்றிக் காட்டினார். மேற்பரப்பு எண்ணெய் குடித்துக் கறுத்து, கண்ணாடிபோலப் பளபளத்தது. ஒரு பக்கம் பாதி தேய்ந்தேவிட்டது. "மூணு தப்பு. மட்டமான பேட், டிஸ்க்ல பட்ட ஆயில், பழக்காம இறக்கத்துல இறங்கினது" என்றார். மூன்றையும் செய்தவள் நான்தான்.

பேட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

*வடிவம்:* 'எல்லாத்துக்கும் செட் ஆகும்' பேட் என்று ஒன்று கிடையாது. காலிபருக்குக் காலிபர் வடிவம் மாறும். பழைய பேடைக் கழற்றிக் கொண்டுபோங்கள், அல்லது பிரேக்கின் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் அச்சிடாத பேட் வேண்டவே வேண்டாம்.

*எதனால் செய்தது:* ரெசின் வகை மென்மையானது. சத்தம் குறைவு, மாட்டியதும் நன்றாகப் பிடிக்கும். ஊருக்குள் ஓட்ட இதுவே போதும். ஆனால், மழையிலும் சேற்றிலும் வேகமாகத் தேயும். நீண்ட இறக்கத்தில் சூடானால் பிடி குறையும். சின்டர்டு எனப்படும் உலோக வகை சூட்டையும் சேற்றையும் தாங்கும், நாள்படவும் உழைக்கும். ஆனால், கொஞ்சம் சத்தம் போடும், டிஸ்க்கையும் தேய்க்கும். இரண்டுக்கும் நடுவே செமி மெட்டாலிக் வகையும் உண்டு.

*டிஸ்க்கைப் படியுங்கள்:* விலை குறைந்த டிஸ்க்குகள் சிலவற்றில் 'ரெசின் பேட்ஸ் ஒன்லி' என்று பொறித்திருக்கும். அதில் உலோக பேட் போட்டால் டிஸ்க் சீக்கிரம் கெட்டுப்போகும். மலைக்குத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

*பழக்குதல்:* புது பேட் போட்டதும் சமதள ரோட்டில் மிதமான வேகத்தில் போய், நடக்கும் வேகத்துக்குக் குறையும்வரை பிடித்து விடுங்கள். சக்கரம் லாக் ஆகக் கூடாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் சுமார் 20 தடவை. பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒட்டிய பிறகுதான் முழுப் பிடியும் கிடைக்கும்.

*எண்ணெய்:* செயினுக்கு ஸ்பிரே வேண்டாம், சொட்டு ஆயில் போட்டு உபரியைத் துடையுங்கள். டிஸ்க்கைக் கையால் தொடாதீர்கள். அழுக்கானால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுத்தமான துணியால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போடுவதுதான் நல்லது.

*தேய்மானம்:* பின்தகட்டை விட்டுவிட்டு உராயும் பகுதி மட்டும் 0.5 மில்லிமீட்டர் வரை தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்கிறது ஷிமானோ. மலைக்குப் போகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். கேபிள் டிஸ்க் என்றால், லிவர் ஹேண்டில்பாரை நோக்கி வர வர பேட் தேய்கிறது, அல்லது கேபிள் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இறங்கும்போது லிவரைப் பிடித்தபடியே வராதீர்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கொஞ்சம் விட்டு ஆறவிடுங்கள். பிடி குறைவதுபோலத் தெரிந்தால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். இன்னொன்று, மாஞ்சோலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

பெரியப்பா இப்போது அம்பாசமுத்திரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது, வாசலில் நின்ற என் சைக்கிளைச் சுற்றி வந்தார். குனிந்து காலிபருக்குள் எட்டிப் பார்த்தார்.

"புதுக் கட்டையா?"

"ஆமா பெரியப்பா."

"பெட்டி?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, அதில் இருந்த எழுத்தையெல்லாம் படித்தார். பிறகு மேற்கே மலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "இங்க எல்லாம் சமதளம்தான்ட்டி. ஆனாலும் நல்ல கட்டையே போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பெட்டியை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.