ஒரு பல்பு

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு மேலே ஒரு பல்பு உண்டு. அது பியூஸ் போய் ரெண்டு வாரம் ஆகியிருந்தது. "கடைக்குப் போறப்ப ஒண்ணு வாங்கிட்டு வாத்தா"ன்னு அம்மா மூணு தரம் சொன்னாங்க. மூணு தரமும் மறந்தேன். பேனா ரீபிள் வாங்க மட்டும் மறக்கவில்லை.

போன கார்த்திகை மாதம், மழை பெய்த ஒரு விடியற்காலையில் கக்கூஸுக்குப் போன அப்பத்தா கொல்லைப் படியில் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. "நல்லவேளை, தொடை எலும்போட கழுத்து உடையல. இந்த வயசுல அது உடைஞ்சா ஆபரேஷன், படுக்கைன்னு போயிடும்" என்றார் மாவுக்கட்டு போட்ட டாக்டர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வயசாயிருச்சுல்ல!" நான் வாயைத் திறக்கவில்லை. உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், அதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதாக அறிவியல் டீச்சர் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பத்தாவுக்கு பி.பி. மாத்திரை வீட்டுக்கே வரும். கட்டுப் பிரித்த பிறகு, கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க பிசியோதெரபி அக்காவும் வந்தார். அவர்தான் என்னிடம், "லைட்டை அணைச்சிட்டு அப்பத்தா மாதிரியே கட்டில்லருந்து கக்கூஸ் வரைக்கும் நடந்து பாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி அப்பத்தாவின் தேய்ந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். மொத்தம் 38 எட்டு. கட்டிலை விட்டு இறங்கியதுமே டேபிள் ஃபேன் வயர் காலில் மாட்டியது. அடுத்து என் புத்தகப் பை (ஆமாம், நடுவழியில்தான்). கதவருகே கால் துடைக்கும் சாக்கு. மிதித்தால் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. படி இரண்டும் ஒரே சிமெண்ட் நிறம். விளிம்பு எங்கே என்று என் கண்ணுக்கே தெரியவில்லை, அப்பத்தாவுக்கோ ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது. தொட்டியைச் சுற்றிப் பாசி. கக்கூஸில் பிடித்து எழ ஒன்றுமில்லை, ஆடுகிற குழாய்தான். 14 வருஷமாக நானும் இதே வீட்டில்தான் இருக்கிறேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா வெல்டிங் பட்டறையில் சொல்லிச் சுவரில் கம்பி அடித்தார். படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் நான் அடித்தேன். பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். பல்பு, அப்பத்தா விழுந்த அன்றே வாங்கியாச்சு. படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுமாம், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டுமாம். கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னார் அக்கா.

"நான் என்ன சீக்காளியா, கம்பியப் பிடிச்சு நடக்க?" அப்பத்தாவுக்கு ஒரே கோபம். கம்பியில் துண்டைக் காயப்போட்டார்.

ஒருநாள் இடது கையால் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது பல்பு விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்த்தா. சொன்னா உங்கம்மா உன்னைய வைவாள்ல" என்றார்.

இப்போது கம்பியைப் பிடிக்கிறார், யாரும் பார்க்காதபோது. சாக்கை மட்டும் விடமாட்டேன் என்கிறார். ராத்திரி நான் சுருட்டி வைக்கிறேன். காலையில் பார்த்தால் அதே இடத்தில் கிடக்கிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி